ஏகாதசியும் பைப் ரிஞ்சும்

வரலக்ஷ்மி ஏகாதசி விரதம் இருப்பது பெருமாளுக்காக என்றுதான் திருப்பதியில் கோவிந்தராஜர் சன்னிதிக்குப் பின்தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெருமாளுக்காகவும்தான். ஆனால் ஏகாதசியன்று தளிகை கிடையாது. தளிகை இல்லையென்றால் தேய்க்கப் பாத்திரம் கிடையாது. பாத்திரம் இல்லையென்றால் சமையலறை சிங்க் பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். இந்தக் கணக்கு அவளுக்கும் பெருமாளுக்கும் மட்டும் தெரிந்தது.

சும்மா கிடக்கும் சிங்க்கைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் உட்கார்ந்து, அங்கே வளைந்து தொங்கும் குழாயைக் கழற்றி வாளியில் தட்டுவாள். பருக்கை, நெய்ப்பிசுக்கு, கறிவேப்பிலைக் காம்பு, போன மாதம் காணாமல் போய் வேலைக்காரியின் மேல் பழி விழுந்த சின்ன ஸ்பூன், எல்லாம் பொலபொலவென்று வந்து விழும். கழுவி மாட்டி, ஒரு குண்டான் வெந்நீரைக் கொட்டி, அது இறங்கும் சத்தத்தைச் சங்கீதம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். அப்புறம் குளியலறைக்குப் போய்த் தரையிலிருக்கும் ஜல்லடையைத் தூக்கி தலைமுடிச் சுருளை எடுத்துப் போடுவாள். அப்புறம் மொட்டைமாடி. அங்கே இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் வால்வை முழுக்க மூடி, முழுக்கத் திறப்பாள். வால்வில் ரிப்பேர் ஒன்றும் இருக்காது. ஆனால் திருப்பாமலே விட்டுவைத்தால் அந்த ஊர்த் தண்ணீரின் உப்பு ஏறிக் கல்லாகச் சமைந்துபோய், அவசரத்துக்கு அசையாது என்பது அவள் கட்சி.

"நன்னா இருக்கற வால்வை எதுக்குடி போட்டு முறுக்கறே?" என்பார் கணவர் வேங்கடேசன். கோயிலில் பிரபந்த கோஷ்டியில் சேவிக்கிறவர்.

"நாலாயிரமும் உங்களுக்கு மனப்பாடம். அப்புறம் எதுக்குத் தினம் சேவிக்கறேள்? மறந்துடக் கூடாதுன்னுதானே? வால்வுக்கும் மறக்கும்."

அவருடைய திருமண்ணோடும் அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. கோயிலிலிருந்து வந்ததும் நெற்றியை வாஷ்பேசினில் கழுவுவார். வெள்ளை மண் நேரே அடிக்குழாயில் போய்ப் படிந்து, கொத்தனார் பூசினமாதிரி இறுகிவிடும். சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் போகிறபோக்கில், "திருமண்ணைச் சாக்கடையிலே விடறோமே, அபசாரமில்லையோ?" என்று மட்டும் கேட்டாள். வேங்கடேசன் முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே ஒரு வெண்கலச் சொம்பும் அகன்ற பித்தளைப் பாத்திரமும் ஏற்பாடாயின. நெற்றி கழுவிய தீர்த்தம் பவழமல்லியின் அடிக்குப் போயிற்று. பவழமல்லியும் அதற்கப்புறம் கன்னாபின்னாவென்று பூத்தது.

இத்தனையும் எதற்கு என்று கேட்டால், தெப்போற்சவம்.

மகன் அச்சுதின் பூணூலின்போது நடந்தது அது. வந்திருந்த மாமாக்கள் அத்தனை பேரும் ஒரே பேசினில் சந்தனத்தையும் திருமண்ணையும் கழுவினார்கள். சமையல்காரர் மிஞ்சிய நெய்யையும் திருக்கண்ணமுதுப் பாயசத்தையும் சிங்க்கில் சாய்த்தார். எல்லாமாகச் சேர்ந்து குழாய் வழியில் எங்கேயோ கட்டிப்பிடித்துக்கொண்டது. குளியலறைத் தரையிலிருந்து தண்ணீர் மெல்ல எழும்பி, நிலைப்படியைத் தாண்டி, பந்திக்கே வந்துவிட்டது. மாமாக்கள் சாப்பிட்டுக்கொண்டே பாதங்களைத் தூக்கிக்கொண்டார்கள். எச்சில் இலை ஒன்று, மேலே ஒரு வடையோடு, கூடத்தை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வாத்தியார் முன்னால் போய் நின்றது. சித்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சுந்தரி, புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆஹா! தெப்போற்சவம் என்ன ஜோர், என்ன ஜோர்! சுண்டல் எங்கேடி, வரலக்ஷ்மி?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து உறவுக்காரர்கள் நடுவில் அந்த வீட்டுக்கு 'தெப்போற்சவ அகம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. "தெப்போற்சவ ஆத்துக்குப் பத்திரிகை அனுப்பியாச்சா?" என்று கேட்பார்கள். ஊரில் நிஜமான தெப்போற்சவம் வந்தால் வரலக்ஷ்மி வாசலில்கூட நிற்கமாட்டாள். அந்த வருஷம்தான் அவள் அச்சுதிடம் சொல்லி குழாய் மரையைத் திருப்ப ஒரு பைப் ரிஞ்சு வாங்கிக்கொண்டது.

இப்போது மகள் ஸ்ரீப்ரியாவுக்கு வரன் வந்திருந்தது. பையன் முகுந்த் சித்தூரில் பல் டாக்டர். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் போனில் பேசுகிற பேச்சைப் பார்த்தால் அவர்களும் பொருந்தித்தான் இருந்தார்கள். பாக்கி இருந்தது ஒன்றுதான். பையனின் அம்மா குமுதவல்லி வீட்டை வந்து பார்க்கவேண்டும். வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால்தான் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே சுந்தரிதான். ஆகையால் பெண்ணின் ஜாதகத்தோடு கூடவே தெப்போற்சவக் கதையும் சித்தூர் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதில் வரலக்ஷ்மிக்குச் சந்தேகமே இல்லை.

"இந்தப் பேரு உன் கல்யாணச் சீரோட உன் புக்காத்துக்கு வரக்கூடாதுடீ," என்றாள் ஸ்ரீப்ரியாவிடம். "அவா வர அன்னிக்கு ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு மேலே வந்தாலும் நான் இந்தக் குழாயிலேயே விழுந்து போயிடுவேன்."

"குழாய் அடைச்சுக்குமே அம்மா," என்றாள் ஸ்ரீப்ரியா.

அழைப்பு விடுத்தது வேங்கடேசன். போனில் சம்பந்தியாகப் போகிறவரிடம், "துவாதசிப் பாரணைக்கு நம்மாத்துக்கே வந்துடுங்கோளேன்," என்றார். ஏகாதசிக்குப் பட்டினி இருந்து மறுநாள் காலையில் விரதத்தை முடிக்கும் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுக்கு வருவதைவிட உறவு கொண்டாட நல்ல வழி எது? "பேஷா! துவாதசி கார்த்தாலே அங்கே இருப்போம்," என்றார் அவரும். தேதியை இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை. துவாதசி என்றால் துவாதசி. அதில் கேட்க என்ன இருக்கிறது?

வரலக்ஷ்மிக்குத் தலைகால் புரியவில்லை. துவாதசிக்கு முதல்நாள் ஏகாதசி! வீட்டுக்குழாய் முழுவதையும் பிரித்துக் கழுவி மாட்டிவிட்டு, மறுநாள் சம்பந்தியை வரவேற்கலாம். பெருமாளே பார்த்துப் போட்ட முகூர்த்தம் இது என்று பஞ்சாங்கத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏகாதசியன்று விடிந்ததுமே வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. சிங்க்கின் அடிக்குழாய் கழன்று சோப்புத் தண்ணீரில் ஊறியது. வாஷ்பேசினின் அடிக்குப்பி இன்னொரு வாளியில். உப்புப் படிந்து வெளுத்துப்போயிருந்த குழாய்களின் வாயிலெல்லாம் புளியை அப்பித் துணியால் கட்டியிருந்தாள். பித்தளைக்குப் பண்ணுவதைக் குழாய்க்கும் பண்ணலாம் என்பது அவளே கண்டுபிடித்தது. மொட்டைமாடியில் முன்தொட்டியை வடித்து, வேங்கடேசனைப் பிரஷ்ஷோடு உள்ளே இறக்கியாகிவிட்டது. உள்ளேயிருந்து அவருடைய பாசுரம் கணீரென்று எதிரொலித்தது. பின்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் கழுவுவது என்ற பைத்தியக்காரத்தனத்தை வரலக்ஷ்மி ஒருநாளும் செய்ததில்லை.

திடீரென்று பாசுரம் நின்றது.

"வரலக்ஷ்மி! அடியே, வரலக்ஷ்மி!"

மாடிப்படி ஏறி ஓடினாள். தொட்டியின் வாயிலிருந்து வேங்கடேசனின் தலை மட்டும் வெளியே நின்றது. கண் தெருவை வெறித்தது.

"மஞ்சள் தலை," என்றார். "மூணு மஞ்சள் தலை!"

அவள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு வேன். அதிலிருந்து மொட்டையடித்து, தலை கொள்ளாமல் சந்தனம் பூசிய மூன்று பேர் வெயிலில் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பட்டுப்புடவையில் உயரமான ஒரு மாமி. ஒரு பையன். கடைசியாக, கையை நெற்றியில் வைத்து மாடியை அண்ணாந்து பார்த்தபடி, நாத்தனார் சுந்தரி.

"என்னடி வரலக்ஷ்மி, அங்கேயே நின்னுண்டிருக்கே? பாரணை ரெடியா? எல்லாரும் நேத்திலேர்ந்து பட்டினி!"

"அக்கா, இன்னிக்குன்னா ஏகாதசி!"

"நன்னா இருக்கு! நேத்தே ஏகாதசி ஆயாச்சு. மலைமேலேயே விரதம் இருந்து, மொட்டை போட்டுண்டு இறங்கி வரோம். இன்னிக்குத் துவாதசிடீ!"

வரலக்ஷ்மி வேங்கடேசனைப் பார்த்தாள். வேங்கடேசன் தொட்டிக்குள் கொஞ்சம் இறங்கிக்கொண்டார்.

"அவாளுக்கு வேற பஞ்சாங்கம்," என்று தொட்டிக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "எப்பவாவது ஒருநாள் முன்னேபின்னே வரும்..."

"அதைப் போனிலே கேட்டா என்ன?"

"துவாதசி எதுன்னு ஒரு ஸ்ரீவைஷ்ணவன்கிட்டே எப்படிடி கேக்கறது? நம்மாத்துப் பஞ்சாங்கத்துக்கே அகௌரவமில்லையா?"

மலையில் போன்களை ஒப்படைத்து வாங்கினதில் எல்லாவற்றிலும் சார்ஜ் போய்விட்டதாம். இல்லாவிட்டால் கிளம்பும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். வரலக்ஷ்மி விரல்விட்டு எண்ணினாள். சிங்க்குக்கு அடிக்குழாய் இல்லை. பேசினுக்குக் குப்பி இல்லை. முன்தொட்டியில் தண்ணீருக்குப் பதில் புருஷன். வாசலில் மூன்று தலைச் சந்தனம்.

"மேலே வாங்கோ, துடைச்சுக்கோங்கோ, ஓடிப்போய்க் கூடத்துலே உக்கார வையுங்கோ," என்றாள் ஒரே மூச்சில். "வெத்தலை பாக்கு குடுங்கோ. மலையிலே கூட்டமான்னு கேளுங்கோ. பத்து நிமிஷம், பாசுரமாவது சேவிச்சு நிறுத்தி வையுங்கோ. சமையலறைப் பக்கம் ஒரு ஈயை விடப்படாது!"

கீழே வந்தாள். சோப்புத் தண்ணீரிலிருந்து குழாயை உருவினாள். சிங்க்கின் அடியில் தலையை நுழைத்துக்கொண்டாள். கூடத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டன. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. ஏகாதசி தவறாமல் கழற்றி மாட்டிய மரை, வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. இனி வாஷர் போட்டு இறுக்கினால் முடிந்தது. கையை நீட்டித் தாம்பாளத்தைத் தேடினாள். வாஷர்களையும் மரைகளையும் மேடைமேல் தாம்பாளத்தில் அல்லவா வரிசையாக வைத்திருந்தாள்?

மேடையில் தாம்பாளத்தைக் காணோம்.

கூடத்திலிருந்து வேங்கடேசனின் குரல் தேனாக வழிந்தது. "எடுத்துக்கோங்கோ, எடுத்துக்கோங்கோ. வெத்தலை நாயுடுபேட்டையிலேர்ந்து நேத்துத்தான் அச்சுத் கொண்டுவந்தான்."

தாம்பாளத்தில் ஏதோ உருளும் சத்தம். பிறகு வெடிச்சிரிப்பு.

வரலக்ஷ்மி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவசரத்தில் மனுஷர் கையில் கிடைத்த தாம்பாளத்தை எடுத்து, வாஷர்களின் மேலேயே வெற்றிலையைப் பரப்பிக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றி அழக்கூட நேரமில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் குழாயைத் தாங்கிப் பிடித்தபடி கூவினாள்.

"ஸ்ரீப்ரியா! அந்த வாஷரை எடுத்துண்டு வாடி! கறுப்பு, பெரிசு!"

காலடிச் சத்தம் வந்தது. சிங்க்கின் கீழே நீட்டிய உள்ளங்கையில் வாஷர் வந்து உட்கார்ந்தது.

"அப்பாடா. என்னடி சிரிப்பு அங்கே? மானம் போறது. உங்க அத்தை இப்பவே குளியலறை வாசல்லே போய் நின்னிருப்பாளே, எப்படா பொங்கும்னு? அந்த மரையைக் குடு. உன் மாமியாராகப் போறவாளை மட்டும் இங்கே விட்டுடாதே. மூக்கு ரொம்ப நீளமாம், வாசல்லே நின்னே ஆத்துச் சாக்கடை எப்படி இருக்குன்னு சொல்லிடுவாளாம். உங்க அத்தைதான் சொன்னா."

"அவ்வளவு நீளமில்லை," என்றது மேலேயிருந்து ஒரு குரல். "சுந்தரி கொஞ்சம் கூட்டிச் சொல்றா."

வரலக்ஷ்மி நிமிர்ந்ததில் சிங்க்கில் மண்டை இடித்தது. மரையைக் கையில் வைத்துக்கொண்டு குமுதவல்லி குனிந்து நின்றாள். மூக்கு நீளம்தான்.

"வெத்தலையை எடுத்தேன், அடியிலே இது இருந்தது. முகுந்த் மோதிரம்னு விரல்லே போட்டுப் பாத்தான். உங்க பொண்ணுக்குப் போட்டா கட்டைவிரல்லேயே லூஸா இருக்கு. சரி, இது வேற யாருக்கோ உண்டானதுன்னு கொண்டுவந்தேன்." குமுதவல்லி பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இருங்கோ, நான் தாங்கிப் பிடிக்கறேன், நீங்க இறுக்குங்கோ. தானா கழண்டுதா இது?"

"நானேதான் கழட்டினேன்."

"அடைச்சுண்டுதா?"

"அடைக்கலை. அடைக்கப்படாதுன்னு."

குமுதவல்லி குழாயைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் ஏனென்று தெரியாமலே சிரிக்க ஆரம்பித்தார்கள். சிங்க்கின் கீழே நாலு கைகளும் ஒரு குழாயுமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சமையலறை வாசலில் முகுந்த் நின்றான். புளிக்கட்டுப் போட்ட குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"என்ன மாமி, ஆத்துக் குழாய்க்கெல்லாம் பல்வலியா?"

"காரைடா கொழந்தே. உப்புக்காரை."

"எங்க கிளினிக்லே இதையேதான் பண்றோம். வருஷத்துக்கு ஒருதரம் சுத்தம் பண்ணிக்கோங்கோன்னா ஒருத்தர் வரதில்லை. வலி வந்தப்புறம் கன்னத்தைப் பிடிச்சுண்டு ஓடி வரா."

வரலக்ஷ்மிக்கு அந்தக் கணமே அவன் மாப்பிள்ளையாகிவிட்டான். "மாடிக்குப் போய்ப் பின்தொட்டி வால்வைத் திறங்கோ," என்று அவனையும் ஸ்ரீப்ரியாவையும் அனுப்பினாள். "ரெண்டு விரல் போறும், பலமெல்லாம் வேண்டாம்." வால்வுக்கு இரண்டு விரல் போதும்தான். குழாயில் உடனே தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் இறங்கி வரத்தான் வெகுநேரம் ஆயிற்று.

சாப்பாட்டு விஷயம் வேறு சிக்கலாயிற்று. ஏகாதசி வீட்டில் நாங்கள் எப்படிச் சாதம் சாப்பிடுவது என்று சித்தூர்க்காரர்கள் கூச்சப்பட்டார்கள். வந்தவர்களைப் பசியோடு திருப்பி அனுப்பச் சொல்லி எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று வேங்கடேசன் வரிந்து கட்டினார். துவாதசிக்கு வேண்டிய அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் குமுதவல்லியே கொண்டுவந்திருந்தாள். தளிகை பண்ணுவது அவள், பட்டினி இருப்பது வரலக்ஷ்மி என்று முடிவாயிற்று.

பாரணைக்கு முன்னால் ஸ்நானம். மூன்று மஞ்சள் தலைகளும், சம்பந்தியும் அவருடைய இரண்டு தம்பிகளும், துண்டோடு எழுந்தார்கள்.

வரலக்ஷ்மி சொன்னது சரிதான். சுந்தரி ஏற்கெனவே குளியலறை வாசலில் இருந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"எதுக்கு அக்கா புடவையை..."

"ஒண்ணுமில்லைடி. பழக்கம்."

முதல் தம்பி குளித்துவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தம்பி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. சுந்தரியின் முகம் வாடிற்று. கடைசியாகச் சம்பந்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுந்தது. திடீரென்று 'குளுக்' என்று ஒரு சத்தம். அதையடுத்து ஒரு கூக்குரல்.

"ஐயையோ, தண்ணி நிக்கறதே! கணுக்கால் வந்துடுத்து!"

சுந்தரியின் புடவை ஒரே இழுப்பில் முழங்காலுக்கு ஏறியது. "வந்துடுத்துடீ! சொன்னேனோ இல்லையோ!"

வரலக்ஷ்மிக்குக் கூடத்தில் மிதந்த வடை கண்ணெதிரே வந்தது. கதவுக்கு இந்தப்பக்கம் அவள். அந்தப்பக்கம் ஈரத்துண்டோடு சம்பந்தி. உள்ளே போகவும் முடியாது. ஆனால் அந்தக் குழாயின் குணம் அவளுக்கு அத்துப்படி. அடியில் அடைத்திருக்காது. மேலே ஜல்லடை சந்தனத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடிப்பதுதானே அதன் வேலை?

"மாமா! பயப்படாதேங்கோ! மூலையிலே ஜல்லடை இருக்கு. கால் கட்டைவிரலாலே தூக்குங்கோ!"

"கண்ணெல்லாம் சோப்பு! எந்த மூலை?"

"இடது மூலை!"

"எனக்கு இடதா, உங்களுக்கு இடதா?"

"உங்களுக்கு!" என்று கூடமே சேர்ந்து கத்தியது.

"வாளியைப் பாத்து நில்லுங்கோன்னா!" என்று அகத்திக்கீரைக் கையோடு குமுதவல்லி ஓடி வந்தாள்.

"வாளி எங்கே இருக்குன்னு தெரிஞ்சாத்தானேடி?"

"அண்ணா, காலாலே தடவு!"

"தடவறேன்... தடவறேன்... இது சோப்பு... இதோ இருக்கு!"

"தூக்குங்கோ! ஒட்டிண்டிருக்காது. சும்மா தூக்கினாலே வரும்!"

வேறு வீடாக இருந்தால் அந்த ஜல்லடை சிமெண்டோடு சிமெண்டாகியிருக்கும், உளி வைத்தால்தான் கிளம்பும். இந்த ஜல்லடை ஏகாதசி தவறாமல் எழுந்து பழகிய ஜல்லடை. சம்பந்தியின் கட்டைவிரல் பட்டதும் எழுந்துகொண்டது. உள்ளே 'ஹோ'வென்று ஒரு இரைச்சல். தண்ணீர் மொத்தமும் சுழித்துக்கொண்டு இறங்கும் சத்தம். அதற்கும் மேலே சம்பந்தியின் குரல், "போயிடுத்து! போயிடுத்து! கோவிந்தா! கோவிந்தா!"

"கோவிந்தா!" என்றது கூடம்.

ஆனால் வரலக்ஷ்மிக்கு இன்னும் நெஞ்சு ஆறவில்லை. பூணூலன்று எல்லாம் போய்க் கட்டிக்கொண்டது வெளியே, வீட்டுச் சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் சேம்பரில்தான். வாசலுக்கு ஓடினாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள். வேன் டிரைவர் வீராசாமி திண்ணைமேல் உட்கார்ந்து பசியோடு காத்திருந்தவர், இந்தப் படை வருவதைக் கண்டு எழுந்து நின்றார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"சேம்பர் மூடியைத் தூக்கணும்பா."

"நா தூக்கறேன், நீங்க தள்ளிக்கோங்க." கொக்கியில் விரலை விட்டுச் சுலபமாகத் தூக்கி வைத்தார். குனிந்து பார்த்தார். "நானு எத்தினியோ ஊட்டு சேம்பரு பாத்துக்கினு கீறேன். இத்தினி சுத்தமா, சோறு போட்டுத் துன்னலாம் போலக் கீதே!"

எல்லோரும் வட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். தேர் வருகிற தெருவைப் பார்ப்பதுபோல ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். குழாயின் வாய் வெறுமனே இருந்தது. மாடியிலிருந்து ஸ்ரீப்ரியாவும் முகுந்தும் எட்டிப் பார்த்தார்கள். தலை துவட்டாமல் சம்பந்தியும் வந்து சேர்ந்தார்.

"அதிகோ!" என்று வீராசாமி தெலுங்கில் கத்தினார். "வச்சேசிந்தி! மஞ்சா வருது, மஞ்சா!"

வந்தது. மூன்று தலைகளின் சந்தனமும் கரைந்து, கமகமவென்று மணத்துக்கொண்டு, ஒரு பக்கமும் ஒதுங்காமல், எங்கும் நிற்காமல், சேம்பரின் நடுவாய்க்காலில் பொன்னாக ஓடி அந்தப்பக்கத்துக் குழாய்க்குள் போய் மறைந்தது. தன் முடிக்காணிக்கையின் மிச்சம் போவதைப் பார்த்துச் சம்பந்தி அனிச்சையாகக் கை கூப்பினார். அவரைப் பார்த்து அவர் தம்பிகளும் கூப்பினார்கள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் என்ன உற்சவம் என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுந்தரி இன்னும் புடவையை முழங்காலில் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஈரமில்லை. மெதுவாகப் புடவையை இறக்கிவிட்டாள்.

"என்னடி இது, ஒண்ணுமே வரலை?"

"வேணும்னா சுண்டல் மட்டும் பண்ணித் தரட்டுமா அக்கா?" என்றாள் வரலக்ஷ்மி.

குமுதவல்லி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகத்திக்கீரை தெருவில் சிதறியது. சுந்தரிக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவளாலும் தாங்கமுடியவில்லை. "போடி, உன் தெப்பம் கரை சேர்ந்துடுத்து," என்று வரலக்ஷ்மியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

பாரணை நடந்தது. வரலக்ஷ்மி ஒரு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பசியே தெரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்கலாமா என்று வேங்கடேசன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"மண்டபமா?" என்றாள் குமுதவல்லி. "அங்கே யார் சேம்பரைத் திறந்து பாக்கறா? இந்த ஆத்துலேதான் நடக்கணும். எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு, சம்பந்தி. எங்காத்து மாடி வால்வு கட்டினநாளா யாரும் தொட்டதில்லை. இப்போ தொட்டாலும் அசையாது. நீங்க ஒருதரம் சித்தூர் வந்து பாக்கணும். அந்த ரிஞ்சையும் எடுத்துண்டு வாங்கோ."

"வரேன். ஏகாதசிக்குத்தான் சௌகரியம்." வரலக்ஷ்மி யோசித்தாள். "உங்க ஏகாதசிக்கா, எங்க ஏகாதசிக்கா?"

"எங்களுதுக்கு வாங்கோ. இந்த மாசம் மாதிரி அமைஞ்சா, மறுநாள் உங்களுதுக்குள்ளே திரும்பிடலாமே!"

வேங்கடேசன் மட்டும் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேதி பார்க்க உட்கார்ந்தார். "இனிமே எது சொன்னாலும் இங்கிலீஷ் தேதியும் சேத்துச் சொல்லணும்," என்றார் தமக்குள்.

கிளம்பும்போது வரலக்ஷ்மி தானே தாம்பாளத்தை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம். குமுதவல்லி கையை நீட்டினாள். பிறகு என்ன தோன்றிற்றோ, வெற்றிலையின் ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

அங்கே கறுப்பாக, புத்தம்புதிதாக, ஒரு வாஷர் இருந்தது.

"உங்காத்து சிங்க்குக்கு," என்றாள் வரலக்ஷ்மி.